ஒரே வளவுக்குள் இரண்டாவது வீடு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் வீட்டுப் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு ஏற்கெனவே ஒரு வீடு நிற்கும். அதே வளவுக்குள் இன்னொன்று கட்டத்தான் வருவார்கள். மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று என்பார் ஒருவர். தம்பி குடும்பம் இன்னும் தகரக் கொட்டிலில் என்பார் இன்னொருவர். பிளான் கீற இரண்டு நாள் போதும். அதற்கு முன் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் நேரம் எடுக்கும். பரந்தனில் இருந்து வந்தாலும் புதுக்குடியிருப்பில் இருந்து வந்தாலும் நெடுங்கேணியில் இருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். கடதாசி வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று அத்திவாரம் வெட்டிய குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடு இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது.

ஒரு காணிக்குள் ஒரு வீடுதான் கட்டலாம் என்று சட்டம் இருக்கிறதா?

அப்படி ஒரு சட்டம் இல்லை. நம் நாட்டுக் கட்டட விதிகள் வளவுக்குள் எத்தனை வீடு என்று எண்ணுவதில்லை. காணி எவ்வளவு, அதில் எவ்வளவு கட்டடத்தால் மூடுகிறது, நான்கு பக்கமும் எவ்வளவு வெளி விட்டிருக்கிறது, வீட்டுக்குப் போகும் ஒழுங்கை எத்தனை அடி, மலசலகூடக் குழி எங்கே என்றுதான் பார்க்கின்றன. ஒழுங்கையின் அகலத்தைப் பார்க்கும்போது மட்டும் வீட்டின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். ஓர் ஒழுங்கையால் எத்தனை குடியிருப்புக்குப் போய்வருகிறார்களோ அதற்கேற்ற அகலம் வேண்டும்.

இவற்றுக்கு அடிப்படை 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும். அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதிக்குள் உங்கள் காணி விழுந்தால் 2021 இல் வர்த்தமானியில் வந்த புதிய திட்டமிடல் விதிகள் பொருந்தும். உங்கள் வளவு அதற்குள்ளா வெளியிலா என்பதைப் பிரதேச சபையில் முதலில் கேளுங்கள். ஒரே கிராம அலுவலர் பிரிவுக்குள்கூட வீதிக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் இன்னொரு மாதிரியும் இருக்கலாம்.

கனடாவில் இருக்கும் அண்ணா, அங்கே பின்வளவில் வீடு கட்ட இப்போதுதான் விட்டிருக்கிறார்கள் என்கிறார். இங்கேயும் அப்படி ஏதும் புதுச் சட்டம் வந்ததா?

அண்ணா சொல்வது சரி. ரொறன்ரோவில் பல குடியிருப்புப் பகுதிகள் நீண்ட காலம் ஒரு காணிக்கு ஒரு வீடு என்ற வலய விதிக்குள் இருந்தன. பின் ஒழுங்கை ஓரம் சிறிய வீடு கட்ட நகரம் முழுவதும் 2019 இல் இடம் கொடுத்தார்கள். பின்வளவுக்குள் கட்டும் வீட்டுக்கு 2022 இல் இடம் கொடுத்தார்கள். அங்கே அது பெரிய மாற்றம். நமக்கு அந்தப் பூட்டே இருந்ததில்லை. தாய் தகப்பன் முன்வீட்டில், மகள் பின்வீட்டில், நடுவில் ஒரு கிணறு என்று நம்மவர் எப்போதும் இருந்துதான் வந்திருக்கிறார்கள். நமக்கு இருக்கும் பூட்டு காணி ஆவணம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கால் ஏக்கர்தான் இருக்கிறது. இரண்டு வீட்டுக்குக் காணுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச், யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்பு, சதுர அடியில் 10,890. குடியிருப்புக் காணியில் நூற்றுக்கு 65 பங்கு வரை கட்டடம் மூடலாம் என்பதுதான் அதிகார சபைப் பகுதிகளில் பொதுவாகப் பார்க்கும் அளவு. உங்கள் காணிக்கு அது ஏழாயிரம் சதுர அடிக்கு மேல் வரும். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு ஏறக்குறைய 550 சதுர அடி. பக்கத்தில் 650 சதுர அடியில் இன்னொன்று கட்டினால் இரண்டும் சேர்த்து 1,200. நூற்றுக்குப் பதினொரு பங்கு.

ஆகவே நிலம் காணாது என்று யாராவது பயம் காட்டினால் நம்ப வேண்டாம். வன்னியில் கால் ஏக்கர்க் காணியில் இடிக்கிற விஷயம் கிணறும் குழியும்.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் எத்தனை அடி விட வேண்டும்?

குறைந்தது 50 அடி என்றுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கேட்பது வழக்கம். 60 அடி விட முடிந்தால் விடுங்கள் என்பேன். மணற்பாங்கான நிலத்தில் கழிவுநீர் வேகமாக ஊறிப் போகும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த 50 அடி ஒரு வளவை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பாருங்கள். சதுரமான கால் ஏக்கரின் ஒரு பக்கம் ஏறக்குறைய 104 அடி. கிணறு வளவுக்கு நட்ட நடுவில் இருந்தால் எந்த வேலிக்கும் 52 அடிதான். 50 அடிக் கயிற்றைக் கிணற்றில் கட்டி ஒரு வட்டம் சுற்றினால் வளவின் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். மிஞ்சுவது நான்கு மூலைகள். முன்வீட்டுக்காரர் ஒரு மூலையை எடுத்திருப்பார். இரண்டாவது வீட்டுக்கு மற்ற மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். அங்கேயும் பக்கத்து வளவுக்காரரின் கிணறு வேலியோரம் இருந்தால் அந்த மூலையும் போயிற்று. அயலாரின் கிணறும் கிணறுதான், அவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

ஆகவே என்னிடம் பிளான் கீற வருகிறவர்களிடம் வீட்டின் படத்தைக் கேட்கமாட்டேன். ஒரு தாளில் வளவைக் கீறி, தங்கள் கிணறு, தங்கள் குழி, நான்கு பக்கத்து அயலாரின் கிணறு, அவர்களின் குழி எல்லாவற்றையும் அடி அளந்து குறித்து வரச் சொல்வேன். அந்தத் தாள் வந்தால் இரண்டாவது வீட்டின் மலசலகூடம் எங்கே என்பது தெரிந்துவிடும். அது தெரிந்தால் வீடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது தானாக வரும். அறையையும் விறாந்தையையும் முதலில் தீர்மானித்துவிட்டுக் குழிக்கு இடம் தேடினால் கடைசியில் கிணறு பழுதாகும்.

இரண்டு குடும்பத்துக்கு ஒரே கிணறு போதும். இரண்டு குடும்பத்துக்கு ஒரே குழி வேண்டாம். மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது அது நிரம்பி மேலே வரும்.

எங்களிடம் இருப்பது உறுதியா, பெமிற்றா என்றே தெரியவில்லை. அதனால் என்ன வித்தியாசம்?

எல்லா வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் வாசிப்பதாக இருந்தால் இதை வாசியுங்கள்.

வன்னியில் காணி மூன்று விதமான கடதாசியில் இருக்கும். முதலாவது தனியார் உறுதி. நொத்தாரிசு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்தது. இரண்டாவது பெமிற், அதாவது 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரம். மூன்றாவது அதே சட்டத்தின் கீழ் வரும் அளிப்பு. பெமிற் காணியை விருத்தி செய்து நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு அளிப்புக் கிடைக்கும். ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்று கொடுத்தவை அளிப்புகள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டக் காணிகளும் மீள்குடியேற்றத்தின்போது காணியற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தவையும் பெரும்பாலும் பெமிற் அல்லது அளிப்புதான்.

உறுதிக் காணிக்கு நீங்கள்தான் சொந்தக்காரர். விற்கலாம், பிரிக்கலாம், பிள்ளைக்கு எழுதலாம். பெமிற் காணி இன்னும் அரசாங்கத்தின் காணி. உங்களுக்கு இருப்பது அதில் குடியிருந்து பயிர் செய்யும் உரிமை. அளிப்பு பார்வைக்கு உறுதிபோல இருக்கும். ஆனால் அதையும் பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. மாற்றி எழுதினால் அந்த எழுத்து செல்லாது. இதைத் தெரியாமல் அளிப்புக் காணியை 'உறுதி' என்று நம்பிக் காசு கொடுத்து வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடதாசி இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போங்கள். அங்கே பெமிற் பதிவேடு இருக்கும். அதில் உங்கள் தகப்பன் பெயர் எந்தத் துண்டு இலக்கத்துக்கு நேரே இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் துண்டு இலக்கம் தெரிந்தால் தேடுவது சுலபம். போருக்குப் பிந்திய அரச காணிப் பிணக்குகளுக்கென வடக்கு, கிழக்குக்குக் காணி ஆணையாளர் நாயகம் 2013/01 இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டிருந்தார். அந்தக் காலத்தில் நீங்கள் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தால் அதன் பிரதியும் எங்காவது இருக்கும். தேடி எடுங்கள்.

பெமிற் அல்லது அளிப்புக் காணியைப் பாதியாகப் பிரித்து மகளின் பெயருக்கு மாற்றலாமா?

நீங்களாகவே முடியாது. ஒவ்வோர் அளிப்பிலும் 'உபபிரிவு அலகு' என்று ஓர் அளவு எழுதியிருக்கும், மேட்டுக்காணிக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று. அந்த அளவுக்குக் கீழே காணியைத் துண்டாக்க முடியாது. உங்கள் காணியே அந்த அளவுக்குக் கிட்ட இருந்தால் பிரிக்கும் பேச்சுக்கே இடமில்லை. பெரிய காணியாக இருந்தால் பிரதேச செயலாளரிடம் விண்ணப்பிக்கலாம். காணி உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். பிறகு அளவை. அது நாள் எடுக்கும் வேலை.

பிரிக்க முடியாவிட்டாலும் இரண்டாவது வீடு கட்ட முடியும். வன்னியில் பெரும்பாலும் நடப்பது அதுதான். பெமிற்றில் இருக்கும் நிபந்தனைகளை வாசித்து, பிரதேச செயலகத்தில் சம்மதக் கடிதம் எடுத்து, அதைப் பிரதேச சபை விண்ணப்பத்தோடு வையுங்கள். ஆனால் ஒன்று மனதில் இருக்கட்டும். வீடு மகளின் காசில் எழும்பினாலும் காணி யாருடையதோ வீடும் அவருடையதாகத்தான் சட்டம் பார்க்கும். மண்ணோடு சேர்ந்தது மண்ணுக்குச் சொந்தம். அதனால்தான் அடுத்த கேள்வி வருகிறது.

அம்மா இருக்கிறவரை பிரச்சினை இல்லை. அம்மாவுக்குப் பிறகு?

அம்மா இருக்கும்போதே பின்னுரித்தாளரை, அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்குப் போக வேண்டுமோ அவரை, பதிவு செய்யுங்கள்.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். தாய் தனிய இருந்து பிள்ளைகளை வளர்த்தவர். பெமிற் அவருடைய பெயரில். இளைய மகள் கலியாணம் முடித்து அதே வளவின் பின்பக்கம் கல்வீடு கட்டினாள். புருஷன் கட்டாரில் நின்று அனுப்பிய காசு, நகை அடைவு வைத்த காசு எல்லாம் அதற்குள் போனது. தாயைக் கடைசிவரை பார்த்ததும் அவள்தான். தாய் யாரையும் பின்னுரித்தாளராக எழுதாமல் போய்விட்டார். அதன்பிறகு மூத்த தமையன் தனக்குத்தான் காணி என்று வந்து நின்றார். அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலச் சட்டம் ஆண் பிள்ளைக்குத்தான் முதலிடம் கொடுத்தது, அவர் அதைப் பிடித்துக்கொண்டார். நான் கீறிக் கொடுத்த வீடு அது. அந்தப் பிள்ளை என் முன்னால் இருந்து அழுதபோது, பிளான் கீறிய அன்றைக்கே இதைக் கேட்காமல் விட்டேனே என்று இருந்தது. அன்று தொடக்கம் கேட்காமல் விடுவதில்லை.

ஆணுக்கு முன்னுரிமை என்ற அந்த ஏற்பாடு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 2022 திருத்தத்தோடு நீங்கிவிட்டது. நல்ல மாற்றம், பிந்தி வந்த மாற்றம். என்றாலும் பதியாமல் விட்டால் பிணக்கு வரத்தான் செய்யும். பெமிற் அல்லது அளிப்பு உள்ளவர் உயிரோடு இருக்கும்போது, சட்டம் ஏற்கும் உறவினர் ஒருவரைப் பின்னுரித்தாளராக நியமித்துப் பதியலாம். துணைவர் உயிரோடு இருந்தால் முதலில் அவருக்கு வாழ்நாள் உரிமை உண்டு. அவருக்குப் பிறகுதான் பின்னுரித்தாளர். பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை மரியாதைக்காக எழுதுகிறவர்கள் இதை யோசியுங்கள்.

வளவில் இரண்டு வீடு, இரண்டு பிள்ளை என்றால் மூத்தவரையும் இளையவரையும் ஒன்றாக இருத்தி, தாய் தகப்பன் முன்னால் பேசி, பிரதேச செயலகத்துக்கு எல்லோரும் போங்கள். நடமாடும் சேவை வரும் நாளில் போனால் காணி உத்தியோகத்தரையும் விதானையாரையும் ஒரே இடத்தில் சந்திக்கலாம்.

காணி அப்பாவின் பெயரில், வீட்டுத்திட்டம் என் பெயரில் வந்திருக்கிறது. கட்டலாமா?

உங்கள் குடும்பம் தனிக் குடும்பமாகப் பதியப்பட்டிருந்து, காணிக்காரரின் சம்மதமும் இருந்தால் கட்டலாம். எந்தத் துண்டில் கட்டுகிறீர்கள் என்பதைத் தகப்பன் எழுத்தில் தர வேண்டும், அந்தத் திட்டத்தைப் பொறுப்பேற்ற அலுவலகம் கேட்கும் முறையில். இந்திய வீட்டுத்திட்டம் 2012 இல் தொடங்கியபோது வீட்டுக்காரரே கட்டுவதற்கு 550,000 ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். அத்திவாரம் முடிந்தால் அடுத்த காசு, கூரை முடிந்தால் அடுத்த காசு என்று. இப்போது வரும் திட்டங்களிலும் காசு கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. நடுவில் காணிப் பிரச்சினை கிளம்பினால் காசு நின்றுவிடும், சுவர் மழையில் நனையும். ஆகவே முதல் காசு வருவதற்கு முன்னரே சம்மதத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது உறுதிக் காணி. பிரித்து எழுதுவதா, பிரிக்காமல் கட்டுவதா?

முடிந்தால் பிரியுங்கள். அரச அனுமதி பெற்ற நில அளவையாளரைப் பிடித்து அளந்து, புதுத் துண்டுகளுக்கான வரைபடத்துக்குப் பிரதேச சபையின் அங்கீகாரம் எடுத்து, மகளுக்கு நன்கொடை உறுதியோ சீதன உறுதியோ எழுதுங்கள். தாய் தகப்பன் தங்களுக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டும் எழுதலாம். வயதான காலத்தில் அது ஒரு பாதுகாப்பு, நான் எப்போதும் அதைச் சொல்லுவேன்.

அதிகார சபைப் பகுதியில் மிகச் சிறிய துண்டு 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச் என்பது பொது வழக்கம். 20 பேர்ச்சாகப் பிரிக்கும் உங்களுக்கு அது தடையாக வராது. பின்துண்டுக்கு ஒழுங்கை விட வேண்டும், அங்கேதான் பேச்சு வரும். 10 அடி ஒழுங்கை விட்டால் முன்துண்டின் ஓரமாக 52 அடி நீளம் போகும். 520 சதுர அடி, இரண்டு பேர்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இரண்டு பேர்ச்சும் யாருடைய கணக்கில் குறைவது என்பதை முதலிலேயே பேசுங்கள். இன்றைக்கு மோட்டார்சைக்கிள் போனால் போதும் என்று நாலு அடி விட்ட வீடுகளுக்கு நோயாளியை ஏற்ற வாகனம் உள்ளே வர முடியாது.

உறுதியில் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்கால் உரிமையையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். நம் பழைய உறுதிகளில் இந்த வரி எப்போதும் இருக்கும். புது உறுதிகளில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பிரிக்காமல் இருவரும் பங்காக வைத்திருந்தால், ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்க நினைக்கும்போது மற்றப் பங்காளிக்கு முதலில் கேட்கும் உரிமை வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் இருக்கிறது. அதற்கு 1947 இலேயே தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. அந்த அளவுக்குக் காப்பு உண்டு. ஆனால் எந்தச் சுவர் யாருடையது என்பதற்குப் பிரிக்காத காணியில் விடை இல்லை.

அண்ணா பிரான்சில். தன் உறுதிக் காணியில் என்னைக் கட்டச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கிறார். அது போதாதா?

போதாது. காணி சம்பந்தமான உடன்படிக்கை நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. வெள்ளைத் தாளில் எழுதியதும் தொலைபேசிச் செய்தியில் வந்ததும் அண்ணாவின் அன்புக்குச் சாட்சி. உரிமைக்குச் சாட்சி ஆகாது. நாளைக்கு அண்ணாவின் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு உங்களைத் தெரியாமலும் இருக்கலாம். அண்ணா அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினால் இங்கே அதைப் பதிந்து, அவர் சார்பில் உங்களுக்கு ஒரு துண்டை முறையாக எழுத முடியும். அவர் விடுமுறையில் வரும்போது நேரே கையெழுத்து வைப்பது இன்னும் நல்லது.

பிரதேச சபையில் என்னென்ன கேட்பார்கள்?

விண்ணப்பப் படிவம், வீட்டின் வரைபடப் பிரதிகள், காணி வரைபடம், உறுதியின் அல்லது பெமிற்றின் பிரதி, அரச காணியானால் பிரதேச செயலகச் சம்மதம். வளவு வரைபடத்தில் பழைய வீட்டையும் கட்டாயம் காட்ட வேண்டும். அதை மறைத்துப் புது வீட்டை மட்டும் கீறச் சொல்லி என்னிடம் கேட்பார்கள். நான் கீறமாட்டேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கும்போது அந்த வீடு அங்கேதான் நிற்கும். கட்டணம் சதுர அளவைப் பொறுத்தது, சபைக்குச் சபை வேறுபடும். அனுமதி வழக்கமாக ஒரு வருடத்துக்குச் செல்லும். முடியாவிட்டால் காலாவதியாக முன் புதுப்பியுங்கள்.

வீடு முடிந்ததும் சி.ஓ.சி. என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் எடுங்கள், அனுமதித்த பிளான்படி கட்டியிருக்கிறது என்பதற்கான சான்று அது. பலர் பால் காய்ச்சிக் குடிபுகுந்ததோடு இதை மறந்துவிடுகிறார்கள். வங்கியில் கடன் கேட்கும்போதும் காணி விற்கும்போதும் அது இல்லாமல் திரும்பி வருவார்கள்.

கொட்டிலுக்கும் அனுமதி வேண்டுமா?

ஆட்கள் நிரந்தரமாகக் குடியிருப்பதானால் சபையில் கேட்டுவிட்டுப் போடுங்கள். குசினி, மால் என்று தொடங்கிப் பிறகு அறை சேர்த்து வீடாக்கும் எண்ணம் இருந்தால் முதலே வீடாகக் கீறி அனுமதி எடுப்பது மலிவு.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் வயல். அதில் ஒரு துண்டை நிரப்பிக் கட்டலாமா?

கூடாது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் வயலை நிரப்பவும் முடியாது, அதில் கட்டவும் முடியாது. சட்டத்தை விடுங்கள், ஒரு வயலை நிரப்பினால் மேல்வயல்காரரின் தண்ணீர் எங்கே போகும்?

குளக்கட்டு, கடற்கரை, காட்டெல்லை, ஏ9 வீதி ஓரம் என்றால்?

குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஒதுக்கம் உண்டு, அதற்குள் கட்ட முடியாது. நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல சேவை நிலையமோ எல்லையைக் காட்டும். கடலோரத்தில் உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். முல்லைத்தீவு, அளம்பில், கொக்குளாய்ப் பக்கத்தவர்கள் இதைப் பாருங்கள். ஏ9 ஓரமானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டடக் கோட்டை, அதாவது வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை, கேளுங்கள். காட்டெல்லையில் பெமிற் இருந்தும் வனத் திணைக்களத்தின் கல் வளவுக்குள் நட்டிருந்தால் அத்திவாரத்தை நிறுத்திவிட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.

இரண்டாவது வீட்டுக்குத் தனி மின் மீற்றர் கிடைக்குமா?

கிடைக்கும். தனிக் குடியிருப்பு என்று கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும், சோலை வரி அறவிடும் பகுதியானால் தனி இலக்கமும் கேட்கலாம். பழைய வீட்டிலிருந்து வயர் இழுத்து மரத்தில் கட்டிக் கொண்டுபோக வேண்டாம். மழைக் காலத்தில் உயிர் போகும் விஷயம்.

கட்டி வாடகைக்கு விடலாமா? அறிவியல் நகரில் பிள்ளைகள் இடம் தேடுகிறார்களே.

உறுதிக் காணியில் விடலாம். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருப்பதால் கேட்டு வருவார்கள்தான். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் அதே தேவை இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெமிற் காணி உங்கள் குடும்பம் குடியிருக்கத் தந்தது. அனுமதி இல்லாமல் வாடகைக்கு விட்டால் நிபந்தனை மீறலாகும், பெமிற்றுக்கே ஆபத்து. ஒரு அறை வாடகைக்காகக் காணியை இழக்காதீர்கள்.

அத்திவாரம் எவ்வளவு உயர்த்த வேண்டும்?

2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது உங்கள் வளவில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று பழைய வீட்டுச் சுவரில் பாருங்கள், இல்லாவிட்டால் அயலவரிடம் கேளுங்கள். அதற்கு மேலே இருக்கட்டும் நிலமட்டம். முன்வீட்டைவிடப் பின்வீடு உயர்ந்தால் மழைத் தண்ணீர் முன்வீட்டுக்குள் போகும். ஆகவே வடிகாலையும் சேர்த்தே கீற வேண்டும். முருங்கன் பக்கத்துக் களிமண்ணில் கட்டுகிறவர்கள் மேசனிடம் மட்டும் விடாமல் பொறியியலாளர் ஒருவரிடம் அத்திவாரத்தைக் காட்டுங்கள். அந்த மண் மழையில் பொருமி வெயிலில் வெடிக்கும்.

குழி வெட்டும்போது இரும்பு, பிளாஸ்ரிக் என்று இனந்தெரியாத எதுவும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள். முன்வீடு கட்டும்போது ஒன்றும் வரவில்லை என்பது பின்வளவுக்கு உத்தரவாதம் இல்லை.

வளவுக்குள் நிற்கும் பனையைத் தறிக்கலாமா?

பெண் பனை, பலா, ஈரப்பலா தறிக்க அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். முடிந்தால் வீட்டைப் பத்தடி தள்ளிக் கீறச் சொல்லுங்கள், கீறித் தருகிறேன். ஷெல்லில் தலை போகாமல் மிஞ்சிய பனைகள் இவை.

அனுமதி இல்லாமல் ஏற்கெனவே கட்டிவிட்டோம். இனி என்ன செய்வது?

சபை அறிவித்தல் ஒட்டும்வரை காத்திருக்காதீர்கள். அறிவித்தலுக்குப் பதில் இல்லாவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், இடிக்கக் கட்டளையும் வரலாம். நீங்களாகவே போய், நின்ற வீட்டை அளந்து கீறிய பிளானைக் கொடுத்து, தண்டக் கட்டணம் கட்டி முறைப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். எல்லைக்கும் குழிக்கும் இடைவெளி சரியாக இருந்தால் பெரும்பாலும் வழி இருக்கும். குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதை மூடி வேறு மூலையில் வெட்டிவிட்டுப் போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் அதைத்தான் பார்ப்பார். போகும்போது காணிக் கடதாசியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.